கரை ஒதுங்கிய மரத்துண்டு

கலியமூர்த்தி போய்விட்டான். நேற்று மத்தியானமாம்... காலையில்தான் அவன் மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் நாங்கள் இருவரும் ஃபிலாசபி எம்.ஏ. ஒரே ஹாஸ்டல் ரூம். நான் திருவந்திபுரத்து விவசாய வீட்டுப் பையன். அவன் கடலூர் தேவனாம்பட்டினம், மீன்பிடிக் குடும்பம்.

ஒருநாள் வரலாற்றுத் தத்துவம் கிளாஸ். வரலாறு என்றால் முன்னேற்றம் என்று புரொபசர் போர்டு முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். இவன் எழுந்தான்.

"எங்க ஊர்ல கடலுக்குப் போனவன் திரும்பலன்னா, கரை ஒதுங்கற கட்டையில கயிறு முடிச்சப் பாத்துதான் யார் வூட்டு ஆளுன்னு சொல்லுவாங்க சார். ஆளு வரமாட்டான். ஒடஞ்சதுதான் வரும். சரித்திரமும் அப்டிதான்னு தோணுது."

 அதையே கட்டுரையாக எழுதச் சொன்னார் புரொபசர்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆதாரம் வேண்டும் என்று, கரை ஒதுங்கிய ஒரு கட்டுமரத் துண்டை முடிச்சோடு தூக்கி வந்து ரூமில் மாட்டிவிட்டான். உரியவர்கள் வந்து பார்க்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அந்த ரூமில் படுக்கவே பயம்.

கருவாடு கொடுக்க வந்த அவன் அப்பா, அதைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார்.

"எடுத்தாந்துட்டியா... இனிமே நீதான் உரியவன்னு அது நெனச்சிக்கும்."

இவன் சிரித்தான்.

அந்த மழைக்காலத்தில் அவன் அப்பா கடலுக்குப் போனார். திரும்பவில்லை.

ஒரு துண்டுகூட ஒதுங்கவில்லை... ஒரு முழம் கயிறுகூட. அடையாளம் வராமல் காரியம் செய்யக்கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம்.

கட்டுரை பாதியில் நின்றது. பிறகு கடலூரில் வாத்தியார் வேலை, கல்யாணம் எல்லாம் ஆனது. ஆனால் விடிந்தால் கரையில் நிற்பான். கிடைத்த கட்டையையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து குவித்தான். அந்த வீட்டுக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டும்.

அப்பாவின் முடிச்சு மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

அந்த முதல் துண்டு சாகும்வரை அவன் தலைமாட்டில்தான் இருந்ததாம். நேற்று சாயங்காலம் மகள் அதைக் கொண்டுபோய்க் கரையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"காலையில பாத்தா கூடத்துல கெடக்குது மாமா. அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு என் தம்பி திரும்ப எடுத்தாந்துட்டான்."

அன்றைக்கு ரூம் வாசலில் நின்று அவன் தாத்தா சொன்னதுதான் எனக்குக் காதில் கேட்டது. 

போய் வா மச்சான்... அந்தக் கரையிலாவது உன் அப்பா வந்து நிற்கட்டும்.