சந்தனம் பூசிய மெஷின் வாள்

போடியில் நான் மோட்டார் மெக்கானிக். ஏலக்காய்த் தோட்டங்களில் துருப்பிடித்துக் கிடக்கும் மரம் அறுக்கும் பழைய பெட்ரோல் மெஷின் வாள்களை வாங்கிவந்து ஓட வைப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வாள் ஒன்று, இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில் என் கையில் உறுமியது.

ஆயுத பூஜைக்கு அதற்கு ஆசை தீரச் சந்தனம் பூசினேன். டேங்க், கைப்பிடி, விரலால் அழுத்தி ஓட்டும் விசை என்று ஓர் இடம் விடவில்லை. மறுநாள் போடிமெட்டில் சாய்ந்து கிடந்த மரத்தை அறுக்க எடுத்துப்போனோம். என் மனைவியின் தம்பி முருகேசன்தான் வாளைப் பிடித்தான்.

பாதி மரத்தில் அவன் விசையிலிருந்து விரலை எடுத்தான். வாளின் பற்சங்கிலி நிற்கவில்லை. இடுக்கில் காய்ந்த சந்தனம் விசையைக் கவ்விக்கொண்டிருந்தது.

"மச்சான், நிக்க மாட்டேங்குது! கீழ போட்றவா?"

"போட்றாதே மாப்ளே, உடைஞ்சிரும்! சுவிட்ச அமத்து!"

போட்டிருந்தால் தப்பியிருப்பான். என் பேச்சைக் கேட்டு, ஒரு கையால் இறுக்கிப் பிடித்து மறு கையால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைத் தேடினான். வாள் துள்ளி அவன் முழங்காலில் இறங்கியது.

ஜீப்பு மலை இறங்கும்போது, காலில் கட்டிய வேட்டி ரத்தத்தில் ஊறிக்கொண்டிருக்க, அவன் கேட்டான்: "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலைல்ல மச்சான்?"

ஆகவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஜீப்பில் ஏறியிருந்தேன்.

இப்போது பூஜைக்கு டேங்கில் ஒரே ஒரு பொட்டுதான். யாரிடம் வாளைக் கொடுத்தாலும், "ஏதாச்சும்னா யோசிக்காம கீழ போட்ரு" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். பட்டறை வாசலில் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் முருகேசன் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்கிறான்.