பிரேக் கடைக்காரரை வண்டியில் ஏறச் சொன்னேன்

நம் லேபர் கேம்ப் குடியிருப்பு வாசகசாலைப் பலகையில் இதை எழுதி ஒட்டுகிறேன். வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இன்று காலை என் பிக்கப் வண்டிக்குப் பிரேக் டிரம்மும் லைனிங்கும் வாங்க, தாராவியில் நம் ஊர்க்காரர் ஒருவர் கடைக்குப் போனேன். தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கல்யாண் வரை போகிற வண்டி. மிதித்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அவர் கறுப்புப் பெயின்ட் மின்னும் ஒரு டிரம்மை மேசையில் வைத்தார்.

“புத்தம் புதுசு பாய்.”

லைனிங் உரசுகிற உள்பக்கத்தில் விரல் விட்டுத் தடவினேன். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். பழைய டிரம்முக்கு வெளியே மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறார்.

“உள்ள தேஞ்சி கெடக்கே அண்ணாச்சி.”

“லைனிங் புதுசுல்லா. ரெண்டு நாள் ஓடினா பள்ளத்துக்குத் தக்கன அதுவே படிஞ்சிரும். நீரு வண்டி ஓட்டுத ஆளு, எனக்குப் பாடம் நடத்தாதேயும்.”

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

“சரி, இதையே மாட்டுதேன். மாட்டின கையோட நீரும் பக்கத்துல ஏறி உக்காரும். கல்யாண் போயிட்டு சாயங்காலம் வந்திரலாம்” என்றேன்.

அவர் என் வண்டியை எட்டிப் பார்த்தார். “லோடு இருக்கா?”

“முழு லோடு.”

உள்ளே போனவர், எண்ணெய்த் தாள் பிரிக்காத வேறொரு டிரம்மோடு வந்தார்.

அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேறு கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். கடை முதலாளி நம் வண்டியில் ஏறுவாரா என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.