கட்டைவிரலால் எண்ணிய நாடி

அக்கா மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் ஏதோ படிவம் நிரப்பினாள். வார்டில் வேலை செய்யும்போது மனஅழுத்தம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நான்குக்குள் சொல்ல வேண்டுமாம். “உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிங்க சித்தி அளந்தாங்க?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அழுத்தத்தை நானே அளந்து கொடுத்தேன், அதுவும் பரீட்சையில்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் படித்தேன். நினைத்ததும் முதலில் வருவது ஸ்பிரிட் வாசனை, அடுத்தது கஞ்சி போட்ட தொப்பி. குனியும்போது தொப்பி விழுந்தால் மார்க் போகும் என்று சீனியர்கள் கிளப்பிவிட்டிருந்தார்கள். அதை நம்பிக் கழுத்தை வளைக்காமலே வாரக்கணக்கில் படுக்கை விரித்தேன். கழுத்துப் பிடிப்பு வந்ததுதான் மிச்சம்.

உடுமலையிலிருந்து கொண்டுவந்து விட்ட அன்று அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ஒரு பரீச்சை போச்சுன்னாலும் பொட்டியக் கட்டிட்டு வந்துரோணும் கண்ணு.” பெண்ணை வெளியூர் அனுப்பியதற்குச் சொந்தபந்தங்கள் பேசிய பேச்சு அவருக்கு உறுத்தல். அதட்டாமல் சொன்னார், அதனாலேயே எனக்குப் பயம்.

பிராக்டிகல் அன்று எனக்குக் கிடைத்த நோயாளி கோபிச்செட்டிபாளையம் பக்கத்து அம்மா. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை மேடம் தலைமாட்டில் நிற்க, அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, சார்ட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன். ஐந்தாம் நாளில் அந்த வேகம் என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்க வேண்டும். அந்த அம்மாவோ சாவகாசமாக ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தார். மேடம் தானே எண்ணிப் பார்த்தார். எழுபத்தாறு.

“எந்த விரலை வெச்சு எண்ணினே?”

கட்டைவிரலைக் காட்டினேன். முதல் வருடம் முதல் வாரத்தில் நடத்தும் பாடம் அது. கட்டைவிரலிலேயே ஒரு நாடி ஓடும், அதை வைத்தால் நம்முடையதைத்தான் எண்ணுவோம். அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

“ஏனுங்க மேடம், அம்மணி கை சில்லுனு கெடக்குதுங்க. செத்த நேரம் புடிச்சுட்டிருந்தா சரியாப் போயிருமுங்க” என்று அந்த அம்மா கையை மறுபடி என்னிடம் நீட்டினார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ம், எண்ணு” என்றார். இந்தத் தடவை மூன்று விரல் வைத்தேன். இருபது துடிப்பு தாண்டுவதற்குள் என் மூச்சு சீராகிவிட்டது. எழுபத்தாறு என்றேன்.

மார்க் தாளில் உடை, சுத்தம், பேச்சு என்று கட்டம் கட்டமாக இருந்தது. பயத்துக்குக் கட்டமில்லை. மேடம் ஓரத்தில் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்: ‘மாணவியின் நாடி 118. பிறகு சரியானது.’ பாஸ் போட்டிருந்தார். அன்று மெஸ்ஸில் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

இப்போது விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ஐந்து நொடியில் எண் வந்துவிடுகிறது. என்னைப் போலத் தப்பு செய்ய வழியில்லை, அடுத்த படுக்கைக்கும் சீக்கிரம் போகலாம். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவர் கையையும் ஒரு முழு நிமிடம் பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்த நிமிடம் வார்டில் இப்போது இல்லை. கை சில்லிட்டுப்போன நர்சிங் பிள்ளைகள் மட்டும் வருடாவருடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.