கார்புரேட்டரும் நான் ஓடிய ஓட்டமும்

பட்டாசு செய்கிற ஆபீஸ் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். என்ன வெடித்தது, எங்கே வெடித்தது என்ற விசாரணையெல்லாம் ஓடி முடித்த பிறகுதான். அந்த ஓட்டத்தில் ஒரு வருஷம் நான் முதலாவதாக வந்தேன். வெடித்தது என் சொந்த வண்டி.

அறுபதுகளில் விருதுநகரிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றுக்கு ஏஜெண்டாக ஆர்டர் சீட்டுகளைக் கொண்டுபோவது என் பிழைப்பு. அதற்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அது கரும்புகையாகக் கக்கித் திணறியபோது, மெக்கானிக் கார்புரேட்டரில் காற்றுக்கான திருகை அரைச் சுற்று வெளியே எடுத்துவிட்டார். “வெக்கையில் காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் மிஞ்சும், அதனால் காற்றைக் கூட்டியிருக்கிறேன். மழை பிடித்ததும் காற்று கனத்து மிஞ்சிவிடும், திரும்ப உள்ளே திருகணும், மறக்காமல் வாங்க” என்றார். வண்டி பறந்தது. பறக்கிற வண்டியை எவன் கொண்டுபோய்க் காட்டுவான்?

புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை. மறுநாள் காலை காற்று குளுகுளுவென்று இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை விட்டதும், சைலன்சருக்குள் படாரென்று ஒரு வெடி.

வண்டியைப் போட்டேன். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. மருந்து அடைக்கிற செட்டுகளில் இருந்த பெண்களும் எழுந்து ஓடிவந்தார்கள். ஆனால் வாசலில் விழுந்து கிடந்த வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. கம்மாய்க்கரை ஏறிய பிறகுதான் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, வெடிச்சது உங்க வண்டிதான். அதை இங்கன போட்டுட்டு நீங்க எங்க போறீக?”

எல்லோரும் சிரித்தார்கள், வேலையை மேற்பார்க்கிற போர்மேனைத் தவிர. ஓடுகிற ஓட்டத்தில் யாராவது விழுந்து கால் ஒடிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். வண்டியைச் சரிபண்ணாவிட்டால் இனி மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும் என்றார். அங்கிருந்து கேட்டுக்கு ஒரு மைல், அத்தனையும் கரிசல். மழைக்குப் பிறகு அதில் நடந்தால் காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டும். நான் போய்ச் சேர்வதற்குள் வேறொரு ஏஜெண்டு எனக்கு வரவேண்டிய லோடையே ஏற்றிக்கொண்டு போயிருப்பான்.

பயந்தவனிடம் திருப்புளியைக் கொடுக்கக்கூடாது. மெக்கானிக் ‘உள்ளே திருகணும்’ என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. எம்புட்டு என்பது வரவில்லை. அன்றைக்கே ரோட்டோரம் உட்கார்ந்து, திருகை அது போகிற மட்டும் உள்ளே திருகிவிட்டேன். மத்தியானம் திரும்பப் போனபோது சத்தம் சுத்தமாக இல்லை. பதிலுக்கு ரயில் எஞ்சின் மாதிரி கரும்புகை. மணல் வாளியோடு இரண்டு பேர் என்னை எதிர்கொண்டு ஓடிவந்தார்கள்.

“காலையில சத்தம், இப்போ புகை. நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன், அதோட சரி,” என்றார் போர்மேன்.

நேராக மெக்கானிக்கிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். திருகைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே எடுத்தார். எஞ்சின் தடுமாறாமல் ஒரே சீராக ஓடிய இடத்தில் கையை எடுத்துவிட்டார். எடுத்தது ஒரு சுற்றும் சொச்சமும். அவ்வளவுதான் வேலை. கம்மாய்க்கரை வரைக்குமா ஓடினீக என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மறுநாளும் மேகமூட்டம், குளிர்காற்று. கேட்டை நெருங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டேன். வண்டி பொடபொடவென்று மெதுவாகத் தணிந்து நின்றது. வெடி இல்லை, புகை இல்லை. நிமிர்ந்து பார்த்தால், செட்டு வாசல்களில் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். ஒருத்தரும் வண்டியைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் என் காலில்.

போர்மேன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“வண்டி கேட்டு வரைக்கும் வரட்டும். ஆனா நீங்க மெள்ள இறங்குங்க. வெரசா இறங்குனா இவுக ஓடிருவாக.”

நானும் கல்யாண மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கினேன்.