செத்துப்போன டிஸ்க்கும் தேவகியக்காவின் பையும்

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாட் கமிட்டியின் செகரட்டரி சார். 304-ம் நம்பர் வீட்டுக்காரர் - வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். வாட்ச்மேன் பழனி. படியும் வராண்டாவும் பெருக்கித் துடைக்கிற தேவகியக்கா. ஆவடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் யூசுப். அப்புறம் நான்.

பட்டாபிராமில் ஒரு ஃபிளாட். அதன் ஆபீஸ் ரூம். நாற்காலி ஐந்து. தேவகியக்கா நின்றார்.

நான் அங்கே மோட்டார், லைட், ஸ்விட்ச் பார்க்கிறவன். வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுதுகிறவனும் நான்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும். இந்த வாரம் எழுதித்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். 304-க்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே புது போன். பழனி வாங்கி கேட் பக்கத்து ஷெல்ஃபில் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் இல்லை.

அந்தப் பக்கம் பெருக்கியது யார்? தேவகியக்கா. முடிந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் ரூமில், "ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் செகரட்டரி.

இதை எப்படித் தப்பாக எடுக்காமல் இருப்பது?

அக்கா பையை மேசைமேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ். ரயில் சீசன் டிக்கெட். பிரஷர் மாத்திரை. ஒரு சீப்பு.

"அதெல்லாம் அப்பவே வெளிய போயிருக்கும்" என்றார் 304, போனைப் பார்த்துக்கொண்டே. பழைய போன்.

அக்கா அழவில்லை. "சார், அங்க கேமரா கீது இல்ல? அத்த போட்டுப் பாருங்க. நான் எட்த்திருந்தா போலீசுக்கு நானே வரேன்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. திருடியவர் கேமராவைப் பார் என்று சொல்வாரா?

போட்டார்கள். டி.வி.யில் கேட் தெரிகிறது, படி தெரிகிறது, ஷெல்ஃப் தெரிகிறது. எல்லாம் இப்போது நடப்பது. நேற்று நடந்ததைக் கேட்டால்... ஒன்றும் இல்லை. கறுப்பு.

அதற்காகத்தான் யூசுப்பை வரச் சொன்னார்கள்.

யூசுப் கேமரா ரெக்கார்டிங் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி, உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினான். தன் லேப்டாப்பில் மாட்டி ஏதோ ஒரு சாஃப்ட்வேரைத் தட்டினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

"செத்துப் போச்சு சார். கடைசியா எழுதினது எப்பவோ. பேட் செக்டார் ஆயிரக்கணக்குல கீது."

"அப்படின்னா?"

"நோட்டு மாதிரி சார், பேப்பர் பூரா நைஞ்சு கெடக்கு. எழுத எடம் இல்ல. டிஸ்க் எத்தினி மணி நேரம் ஓடிச்சு, எங்க கெட்டுச்சு, எல்லாத்தையும் அதுவே குறிச்சு வெச்சிருக்கும். மாசத்துக்கு ஒருக்கா தெறந்து பாக்கணும். யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. டி.வி.யில் படம் ஓடுகிறது, பெட்டியில் லைட் எரிகிறது. நம் ஊரில் லைட் எரிந்தால் நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.

"டிஸ்க் கெட்டுப்போனா பெட்டியே கத்துமே சார். பீப் பீப்னு. இன்னா பண்ணீங்க?"

அப்போதுதான் அவன் பெட்டியைத் திருப்பினான். பக்கவாட்டில் சின்ன ஓட்டை. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், ரெண்டு மடிப்பு. நகத்தால் உரித்தான். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி பவர் போட்டான்.

பீப். பீப். பீப்.

ரூம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

"எவன் மாமே இத்த ஒட்னது?"

"நான்தான்" என்றேன். "மீட்டிங் நடக்கும்போது கத்துதுன்னு சார் நிறுத்தச் சொன்னாரு."

செகரட்டரி என்னைப் பார்த்தார். "நான் சத்தத்தை நிறுத்தத்தான் சொன்னேன். டேப் ஒட்டச் சொல்லலையே."

கேட்டீர்களா? படித்தவர் பதில். ஏன் கத்துகிறது என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பங்கை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை எரிகிறது.

"ரெக்கார்டிங் இல்லாததால எதையும் நிரூபிக்க முடியாதும்மா. நீங்க எடுக்கலைன்னும் சொல்ல முடியாது. நாளையிலேர்ந்து வரவேண்டாம். விசாரிச்சுச் சொல்றோம்."

டிஸ்க் செத்தது யார் குற்றம்? சத்தத்தை நிறுத்தச் சொன்னவர் இருக்கிறார். டேப் ஒட்டியவன் நான் இருக்கிறேன். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத கமிட்டி இருக்கிறது. வேலை போனது பெருக்குகிறவருக்கு. இரண்டு நிமிஷத்தில் சோதிக்க வேண்டிய டிஸ்க்கை விட்டுவிட்டோம். டிபன் பாக்ஸைத் திறந்து சோதித்தோம்.

அக்கா பொருட்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். "வேலை போனாப் போவுது சார். அந்த ஃபிளாட்ல திருடிச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா, வேற எங்க சேத்துப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டார்.

நாலு நாள் கழித்துப் பார்சல் கிடைத்தது.

எங்கே? 304-காரர் ஸ்கூட்டர் டிக்கியில். கடைக்குக் கிளம்பும்போது அவரே ஷெல்ஃபிலிருந்து எடுத்திருக்கிறார். போனில் பேசிக்கொண்டே டிக்கியில் போட்டு மறந்துவிட்டார். டிஸ்க் நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்த டி.வி.யில் அவர் முகம் வந்திருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். 'பார்சல் கிடைத்துவிட்டது. அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

யாருடைய ஒத்துழைப்பு?

செகரட்டரியிடம் போய், "அக்காவைக் கூப்பிடுங்க சார்" என்றேன். "வேற ஆள் போட்டாச்சேப்பா... பார்க்கலாம்" என்றார். புது டிஸ்க் மட்டும் வாங்கிவிட்டார்கள். அதன் போட்டோவும் குரூப்பில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குடியிருக்கும் நெமிலிச்சேரிக்குப் போனேன். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றிருந்தார் அக்கா.

"இன்னா நைனா, உன்னியும் தொரத்திட்டாங்களா?"

"இல்லக்கா. பார்சல் கெடச்சிடுச்சு. அவரு வண்டியிலயே இருந்துச்சாம்."

"பழனி சொல்லிச்சு."

"டேப் ஒட்டினது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அதான் அங்கியே சொல்ட்டியே. இந்தக் கொடத்தப் புடி."

பிடித்தேன். வரிசை நகர்ந்தது. அப்புறம் கேட்டார்.

"அந்தக் கேமரா பாத்துக்கினே கீதுன்னு ஒரு வாட்டி ஒக்காந்து தண்ணி குடிச்சதில்ல நானு. முட்டி வலிச்சாலும் நின்னுக்கினே இருப்பேன். அது எத்தினி நாளா ஒண்ணியும் புடிக்காம கெடந்துச்சு?"

யூசுப்பிடம் தேதி கேட்டு, காலண்டரில் எண்ணி வைத்திருந்தேன். சொன்னேன்.

நூற்றுப் பதினேழு நாள்.