சங்குக்கு முன்னால் கேட்ட மூச்சு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடந்தது என் வீட்டில். மூச்சு முட்டியது என் மகளுக்கு. பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, புளியமரம் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் அதெல்லாம் இங்கே கிடையாது. பட்டப்பகல், மதியம் ஒரு மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகும் வழியில், தறிச் சத்தம் கேட்கும் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் முருகானந்தம் போர்வெல் ரிக் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் நானும் ஐந்து வயது தமிழினியும்தான். அவளுக்கு வீசிங் உண்டு. பஞ்சுத் தூசி பட்டால் போதும், நெஞ்சு பூனை மாதிரி கரகரக்கும். அதற்காகவே தறிகளுக்கு எட்டத்தில் வீடு தேடி, உண்ணாமலையக்கா வீட்டின் பின்கட்டுக்கு மாசியில் குடிவந்தோம். அக்கா முன்கட்டில் தனியாக இருந்தார். கணவர் சடையன் போன வருஷம் தவறிவிட்டார் என்று மட்டும் தெரியும். அடுத்தவர் வீட்டு விஷயத்தைத் தோண்டித் துருவிக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை.

என் வேலை சத்தம் செய்வது. சிரிக்காதீர்கள். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கும் கும்மிக் குழுக்களுக்கும் நாயனம், உடுக்கை, புல்லாங்குழல் என்று கேட்ட வாத்தியத்தைச் சிந்தசைசரில் செய்து கொடுப்பேன். சாதாரணக் கீபோர்டில் யாரோ வாசித்துப் பதிவு செய்த சத்தம் உள்ளேயே இருக்கும். என்னுடையதில் அது கிடையாது. டிரான்ஸ்பார்மர் இரைவது மாதிரி ஒரு மொட்டை அலைதான் வரும். அதை வடிகட்டி, ஏற்றி, இறக்கி, நாமாகத்தான் வாத்தியமாக்க வேண்டும். அதாவது உள்ளே எந்த மனுஷ மூச்சும் கிடையாது.

பங்குனியில் வள்ளி கும்மி வாத்தியார் தண்டாயுதபாணி போன் செய்தார்.

“அம்மிணி, அரங்கேற்றத்துக்கு ஒரு சங்கு டோன் வேணுமுங்க. நெசச் சங்காட்டவே இருக்கோணும்.”

“நாளைக்கே தாரேனுங்க.”

சங்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கரகரப்பான அலை ஒன்றை எடுத்தேன். ஃபில்டரைப் பாதிக்கு மேல் மூடினேன். சத்தம் சட்டென்று தொடங்காமல் மெல்ல ஏறும்படி வைத்தேன். சுருதி கீழிருந்து கொஞ்சம் வழுக்கி மேலே வந்தது. ஊதத் தொடங்கும்போது ‘ஃபூ’ என்று காற்று கேட்குமே... அதற்குத் துளி இரைச்சலும் சேர்த்தேன். கட்டையை அழுத்தினேன்.

பூஊஊஊம்...

எனக்கே சிலிர்த்தது. பெருமையில்தான்.

பின்கதவு படபடவென்று தட்டப்பட்டது. உண்ணாமலையக்கா மாவு அப்பிய கையோடு நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்குள்ள சங்கூதறீங்க? மாரியாத்தாளுக்குக் காப்பு கட்டியிருக்குதுங்க. பண்டிகை முடியற வரைக்கும் கோயிலத் தவிர எங்கியும் சங்குச் சத்தம் ஆகாது. எழவு உழுந்தாக்கூட ஊத மாட்டாங்க.”

“இது சங்கு இல்லீங்க்கா, மிஷினு.”

“சத்தம் சங்குதானுங்களே?”

எரிச்சலாக வந்தது. மிஷினுக்கெல்லாமா காப்பு? ஹெட்போனை மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, அவர் போனதும் மாட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம். தூரத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தமிழினி சுவரோரமாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டையை அழுத்தினேன்.

ஹ்ஹ்ஹா... பூஊஊஊம்.

சங்குக்கு முன்னால் ஒரு மூச்சு.

நான் வைத்தது வெளியே வரும் காற்று. இது உள்ளே இழுக்கிற காற்று. இரைச்சல் கூடிப்போய்விட்டது போல என்று அதைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி அழுத்தக் கை போனது. விரல் இன்னும் கட்டையைத் தொடவில்லை.

ஹ்ஹ்ஹா...

இந்த முறை காதுக்கு இன்னும் கிட்டத்தில்.

இழுத்த மூச்சை அது வெளியே விடவில்லை. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. வீசிங் பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? காற்றுக் கிடைக்காமல் தவிக்கிற சத்தம் அது.

தமிழினியைத் திரும்பிப் பார்த்தேன்.

உதடு நீலம் பாரித்திருந்தது.

ஹெட்போனில் மூச்சு இழுத்தது... அவள் நெஞ்சு அசையவில்லை. அது நின்றது... இவள் நெஞ்சு லேசாக ஏறியது. மறுபடி அது இழுத்தது. இவளுக்கு நின்றுபோனது.

ஒரே மூச்சு. இரண்டு பேர்.

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு நெபுலைசரை எடுத்து அவளுக்கு மாட்டினேன். மருந்துப் புகை மூக்கருகே சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே போகவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

“வாயெல்லாம் மண்ணும்மா...”

விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

சிந்தசைசரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். அதன் விளக்கு அணைந்தது. தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து...

ஹ்ஹ்ஹா...

“அக்கா! ஐயோ, அக்கா!”

உண்ணாமலையக்கா ஓடிவந்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஹெட்போனைப் பார்த்தார். குனிந்து எடுத்துக் காதில் வைத்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

“ஊதுங்க அம்மிணி.”

“என்னதுங்க?”

“சங்கு. மூணு வாட்டி. ஊருக்கே கேக்கோணும்.”

“காப்புன்னீங்களே...”

“காப்பு கெடக்கட்டும். ஊது சாமி!”

பிளக்கைச் சொருகினேன். ஸ்பீக்கர் ஒயரை மாட்டினேன். செய்த டோனை நான் சேமிக்கவே இல்லை. கரண்டு போனதுமே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. வால்யூமை முழுசாக ஏற்றினேன்.

பூஊஊஊம்...

தெரு நாய்கள் ஊளையிட்டன.

பூஊஊஊம்...

என் சேலையைப் பிடித்திருந்த தமிழினியின் விரல்கள் தளர்ந்தன.

மாரியாத்தா... என் பிள்ளை...

பூஊஊஊம்...

விரலை எடுத்தேன்.

ஸ்பீக்கரிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது.

பிறகு அமைதி.

தமிழினி வீறிட்டு அழுதாள். அழட்டும், நன்றாக அழட்டும் என்று அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

ஊரே வாசலில் திரண்டுவிட்டது. பண்டிகையை நடத்துகிற வெங்கடாசலம், “காப்பு கட்டின ஊர்ல எவ ஊட்டுல சங்கூதுனது?” என்று குதித்தார். உண்ணாமலையக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“நாந்தான் ஊதச் சொன்னேன். எங்கூட்டுக்காரருக்கு.”

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார். அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்துக்கு ஓடினேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, எதற்கு அழுகிறீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். சாயங்காலம் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அக்கா வந்து வாசப்படியில் உட்கார்ந்தார். அவராகவே பேசினார்.

“போன பண்டிகையிங்க. தேர் நாளு. அவரு இந்த ரூமுலதான் படுத்திருந்தாரு. அவருக்கும் மூச்செளப்பு. ரொம்ப வந்துதுன்னா கட்டையாட்டக் கெடப்பாரு. கொஞ்ச நேரங்கழிச்சுத் தானா எந்திரிச்சுத் தண்ணி கேப்பாரு. அன்னைக்கு எந்திரிக்கல. ஊருக்குள்ள பொணம் கெடந்தாத் தேரு நவுராதுன்னு அவசர அவசரமா எடுத்துட்டாங்க. சங்கில்ல, சேகண்டியில்ல. என்னைய அழுவக்கூட உடல. மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் மண்ணு தள்ளியாச்சு.”

“டாக்டரு வந்து பார்க்கலீங்களா அக்கா?”

இல்லை என்று தலையாட்டினார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எடுக்கறதுக்கு முன்னால நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன் அம்மிணி. சூடு இருந்துது. நம்மனால தேரு நின்னு போச்சுன்னு ஊரு பேசுமேன்னு... நான் வாயே தொறக்கலீங்க.”