ஸ்டெல்லா ஆன்ட்டி தூக்கிப் பார்த்த டிபன் பாக்ஸ்

ஸ்டெல்லா ஆன்ட்டி இன்று காலை போய்விட்டார்...

அம்மாவுக்குத்தான் போன் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சும்மா டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என் ஸ்டோரியில் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஆம்பூர் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குச் சண்டை போடுவாரே, அந்த வீடியோ. நான் அவருடைய வெறித்தனமான ஃபேன்.

தெரியாதவர்களுக்கு... எண்பதுகளில் எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் பெண்களை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். ஆள் சேர்த்தால் கம்பெனி கமிஷன் கொடுக்கும். இன்றைக்கு ரெக்ரூட்டர் என்கிறோமே, அதேதான்.

ஆனால் யாரையும் அனுப்புவதற்கு முன்னால், சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் அந்த கம்பெனி கேட்டில் போய் நிற்பார். வெளியே வரும் பெண்களின் டிபன் பாக்ஸை வாங்கித் தூக்கிப் பார்ப்பார்.

காலியாக இருந்தால் சரி. எல்லாமே கனமாக இருந்தால், உள்ளே சாப்பிட விடுவதில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் சோறு இறங்காத அளவுக்குத் திட்டு. அந்த கம்பெனிக்கு ஆள் அனுப்பமாட்டார்.

தாத்தா தவறிப்போன வருஷம் அம்மாவுக்கு அவசரமாக வேலை வேண்டியிருந்தது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு ஒரு பெரிய கம்பெனி மேல் ஆசை. சம்பளம் ஜாஸ்தி, தெருமுனைக்கே வேன் வரும்.

ஆன்ட்டி அம்மாவை அந்த கேட்டுக்கே கூட்டிப்போய், யாருடைய பாக்ஸையோ வாங்கி அம்மா கையில் கொடுத்திருக்கிறார்.

“இன்னா கனம் பாரு சுமதி.”

“பசி இருந்திருக்காதுக்கா.”

“ஏன், வர்ற அத்தினி பேருக்குமா பசிக்கல?”

அம்மா கேட்கவில்லை. வேறு ஏஜெண்டைப் பிடித்து அங்கேயே சேர்ந்துவிட்டார். ஆன்ட்டியோடு பேச்சும் நின்றுபோனது.

டார்கெட் முடிக்காமல் தையல் மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவாராம். அம்மா வீட்டில் மூச்சு விடவில்லை. வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி? வேனை விட்டு இறங்கியதும் மிச்சச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு, காலி பாக்ஸோடு வீட்டுக்குள் போவாராம்.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டில் ஆன்ட்டி நின்றிருந்தார். அம்மா பாக்ஸை முந்தானைக்குள் மறைத்தார். ஆன்ட்டி நீட்டிய கையை மடக்கவே இல்லையாம்...

வாங்கித் தூக்கிப் பார்த்தார். திட்டவில்லை.

“நாளைக்கி இங்க வராத. ஸ்டேஷனாண்ட சின்ன கம்பெனி ஒண்ணு கீது, பேசிட்டேன். சம்பளம் கம்மிதான். டிபன் கட்டிக்கினு வா.”

நான் பிறந்த பிறகும் அம்மா அங்கேதான் வேலை பார்த்தார்.

போன மாசம் எனக்கு சென்னையில் ஒரு ஆஃபர் வந்தது. துள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் போட்டோக்களை ஆன்ட்டியிடம் காட்டினேன். பீன் பேக், காபி மெஷின், சுவரெல்லாம் பெயிண்டிங்.

“மத்தியானம் எப்ப சாப்புட்றாங்க? கேட்டியா?” என்றார்.

ரெக்ரூட்டருக்கு மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. நானும் இன்னும் யெஸ் சொல்லவில்லை. ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்...

சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று அம்மா காலையிலேயே இட்லி அவித்து, ஆன்ட்டி மகளுக்கு டிபன் பாக்ஸில் எடுத்துப் போனார்.

இப்போதுதான் திரும்பி வந்தார். பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கனமாக இருக்கிறது.

போய்ட்டு வாங்க ஆன்ட்டி.